மாலின் பிடித்த பிடி

ஒருவர் தலையின்மேல் நான் கை வைத்தால், ஒரு காபிக் கரண்டியை வைத்த பாரம்தான் இருக்கும். இதைக் கேட்டதும் ஆண்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். "இவ்வளவுதானா எல்ஸ்பெத்? இதுக்கா வருஷக்கணக்கா படிச்ச?" என்பார்கள். சிரிக்கட்டும். சிரித்து முடித்து, என் மேசையில் மல்லாந்து படுத்து, கொஞ்ச நேரத்தில் சுவர் அதிரக் குறட்டை விட்ட ஆண்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று.

நான் செய்வது கிரேனியோசேக்ரல் சிகிச்சை. பெயர்தான் வாயில் நுழையாது. வேலையைச் சொல்வது சுலபம். மண்டையோட்டிலிருந்து முதுகுத்தண்டின் அடி எலும்பு வரைக்கும் மெல்லத் தொட்டு, உடம்பு எங்கே இறுகிக் கிடக்கிறது, எங்கே மூச்சு போகாமல் முரண்டு பிடிக்கிறது என்று கையால் கேட்பது. கஷ்டப்பட்டுப் பிறந்த கைக்குழந்தை வரும். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை பிடித்துப்போன பஸ் டிரைவர் வருவார். எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை மாதா மாதம் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் படுத்திருந்துவிட்டு, அழுது, முகம் கழுவிக்கொண்டு போவாள். இது எல்லாவற்றுக்கும் மருந்தா என்றால் இல்லை. டாக்டர்களைக் கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். அவர்களோடு நான் மல்லுக்கு நிற்பதில்லை. என் கைக்கு எது வரும், எது வராது என்று எனக்குத் தெரியும். அது தெரிந்த பிறகு நான் ஏன் கூனிக்குறுகி வேலை பார்க்க வேண்டும்?

அன்று வியாழக்கிழமை. வரும் ஞாயிற்றுக்கிழமை மலைமேல் மல்யுத்தத் திருவிழா. எங்கள் ஊரான உர்னேஷில் ரொட்டிக்கடையிலும் சரி, தேவாலய வாசலிலும் சரி, பேச்சு ஒன்றுதான்: எமில் நெஃப் இந்தத் தடவையாவது காளையை ஓட்டிக்கொண்டு வருவானா? முதல் பரிசு காளை. ஆர்னோ என்று பெயர். சாந்தமான பிராணி, நெற்றியில் சுருள் முடி. எமிலுக்கு முப்பத்திரண்டு வயது. ஒவ்வொரு வருஷமும் கடைசிச் சுற்று வரைக்கும் வந்து, கடைசியில் களத்தில் பரப்பிய மரத்தூள் முதுகில் ஒட்டத் திரும்பி வருவான். இந்த வருஷம் அவனைப் பிடிக்க ஆளில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன்.

காலையில் அவன் மனைவி கோர்னெலியா பாலாடைக்கட்டிப் பண்ணையிலிருந்து போன் செய்தாள். பின்னால் கொப்பரைகள் உருளும் சத்தம்.

"எல்ஸ்பெத், எம் பொண்ண ஒரு தடவ பாரேன். மாலின் சரியாவே சாப்பிட மாட்டேங்குறா. வயித்த வலிக்குதுங்குறா. குழந்தை டாக்டர் அமுக்கிப் பாத்தாரு, ரத்தம் எடுத்தாரு, வயித்துக்குள்ள படம் புடிச்சாரு. வயித்துல ஒண்ணுமே இல்லையாம்."

"தூங்குறாளா?"

"அத ஏன் கேக்குற. நான் கண்ண முழிச்சுப் பாத்தா எங்க கட்டில் ஓரத்துல உக்காந்திருக்கா. அவங்க அப்பன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு. கேட்டா 'சும்மா'ங்குறா."

"கூட்டிட்டு வா."

"எனக்கு இன்னிக்கி சாயங்காலம் வரைக்கும் இங்கதான் வேலை. எமில் கூட்டிட்டு வருவான். அப்படியே அவன் கழுத்தையும் கொஞ்சம் பாத்துவிடு. பிடிச்சிருக்காம். ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகணுமாம் தொரைக்கு."

மத்தியானம் வந்தார்கள். என் வாசலில் யார் வந்தாலும் காலணியைக் கழற்றி, கூடையிலிருக்கும் கம்பளிச் செருப்பில் ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். எமிலின் பாதத்துக்கு என் கூடையில் எதுவும் சேராது. அவன் குதிகால் பின்னால் தொங்க, சரக் சரக்கென்று உள்ளே வந்தான். வாசல் நிலைக்குக் குனிந்தான். நிமிரும்போது கையால் சுவரைத் தொட்டுக்கொண்டான். அதை நான் பார்த்தேன். பார்த்ததை மனசில் ஓர் ஓரமாக வைத்துக்கொண்டேன்.

மாலினுக்கு ஆறு வயது. அப்பனின் அகலமான நெற்றி, அம்மாவின் கூர்மூக்கு. கண்ணுக்குக் கீழே கருவளையம். ஆறு வயதில் அது அங்கே இருக்கக்கூடாது. ஆனால் அவள் நேராக என் மூலையிலிருந்த துணிக்கரடியிடம் போனாள். கரடியின் இடுப்பில் என் கழுத்துத் துண்டைச் சுற்றிக் கட்டினாள்.

"அது எதுக்கு?" என்று கேட்டேன்.

"கரடிக்குக் கால்சட்டை இல்லல்ல. மல்யுத்தத்துல கால்சட்டையப் பிடிச்சிருக்கணும். கையை விட்டுட்டுத் தள்ளினா செல்லாது."

"அப்படியா?"

"உனக்குத் தெரியாதா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எங்கள் பள்ளத்தாக்கில் பெரியவர், சின்னவர் எல்லாருக்கும் 'நீ'தான். 'நீங்க' என்று ஒருவர் ஆரம்பித்தால் வரி அதிகாரி வந்திருக்கிறார் என்று அர்த்தம். "ரெண்டு கையாலயும் பிடிச்சு, முதுகு தரையில படணும். அப்பத்தான் ஜெயிச்சது."

கரடியைத் தூக்கினாள், திருப்பினாள், மல்லாக்கப் போட்டாள். பிறகு அதை உட்கார வைத்து, முதுகை நன்றாகத் தட்டிவிட்டாள். கடைசியில் அதன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இங்கே எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான். ஜெயித்தவன் தோற்றவன் முதுகிலிருக்கும் மரத்தூளைத் தன் கையாலேயே தட்டிவிட வேண்டும். தட்டிய பிறகு ஒரு பேச்சு கிடையாது. நடுவரிடம் முறைப்பதும் இல்லை, இன்னொரு தடவை பார்க்கலாமா என்பதும் இல்லை. கையைக் கொடுத்துவிட்டு வெளியே போக வேண்டியதுதான்.

"எல்ஸ்பெத், எனக்கு மொதல்ல பண்ணிடேன்," என்றான் எமில். "காளைக்குக் கொட்டாய் சரி பண்ணணும்."

"இன்னும் ஜெயிக்கவே இல்ல, அதுக்குள்ள கொட்டாயா?"

"ஜெயிச்சிட்டேன்னே வெச்சுக்க."

"மொதல்ல மாலின். நீ நாற்காலில உக்காரு. உடைச்சிடாம உக்காரு."

குழந்தைகளிடம் நான் கேட்காமல் கை வைப்பதில்லை. பெரியவர்கள் வந்ததும் படுத்துவிடுவார்கள். குழந்தை முதலில் என்னை எடை போட்டுப் பார்க்கும். அது சரிதான், வேற்று மனுஷி கை. மாலின் மேசை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள்.

"கையை எங்க வெக்கட்டும்? நீ சொல்ற எடத்துல வெக்கிறேன். 'எடு'ன்னா எடுத்திடுவேன்."

யோசித்தாள். "முதுகுல. வயித்துல வேணாம்."

தோள்பட்டைகளுக்கு நடுவில் கையை வைத்தேன். சின்ன முதுகு, என் ஒரு கையிலேயே அடங்கிவிட்டது. மூச்சு மேலாக வந்து மேலாகப் போய்க்கொண்டிருந்தது, வீட்டில் யாரோ தூங்குகிறார்கள் என்று நுனிக்காலில் நடக்கிற பிள்ளை மாதிரி. நான் அவசரப்படவில்லை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுப் பசுக்கள் மணியாட்டிக்கொண்டு ஏறின. சற்று நேரத்தில் முதுகு கொஞ்சம் என் கையில் சாய்ந்தது. மூச்சு ஒரு படி கீழே இறங்கியது.

அப்போதுதான் எமிலுக்குப் பொறுக்கவில்லை. "அவளப் பாத்துக்கிட்டே என்கிட்ட கேக்க வேண்டியதக் கேட்டுடேன். நேரம் மிச்சமாகும்."

கை வைக்கும் முன் யாராயிருந்தாலும் நான் சில கேள்விகள் கேட்பேன். ஊருக்கே தெரியும். அந்தக் கேள்விகளைக் கேட்காமல் நான் என் சொந்தத் தங்கையைக்கூடத் தொட்டதில்லை. அவன் சொன்னது எனக்கும் சரியாகப்பட்டது. கையை மாலின் முதுகிலேயே வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன்.

"கழுத்து எப்பலேருந்து?"

"போன வாரம். வைக்கோல் தூக்கினதுல."

என் கைக்குக் கீழே மூச்சு ஒரு நொடி தயங்கியது. குழந்தைகள் தயங்குவதுண்டு.

"ரத்த அழுத்தம்?"

"காளைக்கு இருக்கிற மாதிரி இருக்கு."

மூச்சு சாதாரணமாக வந்தது.

"சமீபத்துல எங்கயாவது கீழ விழுந்தியா? தலையில அடி ஏதாவது?"

"இல்ல."

மாலினின் மூச்சு நின்றது.

தயங்கவில்லை, நின்றேவிட்டது. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் தசை கயிறு மாதிரி இழுத்துக்கொண்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றுமில்லை. தன் கம்பளிச் செருப்பின் நுனியைப் பார்த்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள்.

எனக்குச் சந்தேகம் வந்தால் அதைத் தீர்க்காமல் விடுகிற வழக்கம் கிடையாது. "காளைக்கு என்ன தீவனம் போடப்போற?" என்று கேட்டேன்.

"என்னது? புல்லுதான். இது என்ன கேள்வி?"

மூச்சு திரும்பி வந்தது.

"தலை சுத்தல் உண்டா?"

"இல்லைங்கிறேன்ல."

நின்றது.

"வாந்தி எடுத்தியா?"

"நீ என்ன, போலீஸா? இல்ல. இல்லவே இல்ல."

மாலின் வலது கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கோபத்துக்கு அடியில் பயம். குழந்தையின் வயிற்றில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னது சரிதான். அங்கே இருந்தது இவனுடைய பொய். மெல்லக் கையை எடுத்தேன். கத்தவில்லை. கத்தினால் அந்தச் சின்ன முதுகுதான் அதையும் வாங்கிக்கொள்ளும்.

"எமில், நீ எனக்குச் சொல்ற ஒவ்வொரு பொய்யும் இவ முதுகுல வந்து விழுது. கையில தெரியுது. நீ விழுந்திருக்க. எங்கேருந்து?"

அவன் எழுந்தே நின்றுவிட்டான். "குழந்தையக் கிளறி என்னைப் பத்தி விசாரிக்கிறியா?"

"அவகிட்ட நான் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டதெல்லாம் உன்னைத்தான்."

"நான் சொல்லல," என்றாள் மாலின். குரல் நூலாக இருந்தது. "அப்பா, நான் சொல்லவே இல்ல. சத்தியமா."

அந்த மலை போன்ற ஆள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான். கழுத்தைத் தடவினான். "வைக்கோல் பரண்லேருந்து," என்றான். "ஏணி வழுக்கிடுச்சு. ஒரு நிமிஷம் கண்ண இருட்டிச்சு, அவ்வளவுதான். இவ பயந்துட்டா. 'அம்மாகிட்ட சொல்லாத, அம்மா ஞாயித்துக்கிழமை என்னை விடமாட்டா'ன்னு சொன்னேன். அது ஒரு தப்பா?"

"கண்ண இருட்டல," என்றாள் மாலின். ரகசியம் உடைந்துவிட்டதால் இனி எல்லாம் வெளியே வரட்டும் என்பது போல அவள் பேசினாள். "கண்ணு தொறந்தே இருந்துச்சு. நான் கூப்பிட்டேன், கூப்பிட்டேன், கூப்பிட்டேன். ஆனா நீ என்னைப் பாக்கல. அப்புறம் மாட்டுத் தொட்டில வாந்தி எடுத்த."

ராத்திரியில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் எதைக் காவல் காத்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்பனுடைய கண் மூடியிருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள்.

"சரி. தெரிஞ்சுபோச்சு," என்றான் எமில். "இப்ப கைய வெச்சு சரி பண்ணு. உன்னால முடியும்னு ஊரே சொல்லுது."

"முடியாது."

"என்ன முடியாது?"

"தலையில புது அடி பட்டவங்க மேல நான் கை வைக்கிறதில்ல. காபிக் கரண்டி பாரம்கூட வைக்க மாட்டேன். இது எங்க தொழில்ல மொதல் பாடம். உள்ள ரத்தம் கசியுதான்னு கைக்குத் தெரியாது. மெஷினுக்குத்தான் தெரியும். வண்டில ஏறு, நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"தலைய ஸ்கேன் பண்ணா ஞாயித்துக்கிழமை எறங்காதன்னு எழுதிக் குடுத்திடுவாங்க."

"அதுக்குத்தான் போகச் சொல்றேன்."

"எல்ஸ்பெத்!" அவன் குரல் கம்மியது. "இதான் எனக்குக் கடைசி வருஷம். அடுத்த வருஷம் இந்த முட்டி தாங்காது. இந்த வருஷம் எவன் வந்தாலும் நான் போட்டுடுவேன். உனக்கே தெரியும். ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை. திங்கக்கிழமை நீ எங்க கூப்பிட்டாலும் வரேன்."

அவன் கெட்டவன் இல்லை. அவன் கண்ணில் இருந்த ஆசையை நான் பார்த்தேன். பனிக்காலம் முழுக்க விடியலில் எழுந்து, மாட்டைக் கறந்துவிட்டு, பயிற்சிக்கு ஓடின ஆள். ஆனால் மல்யுத்தத்தில் ஒருவனைத் தூக்கி மல்லாக்கப் போட்டால் பிடரி எப்படித் தரையில் மோதும் என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே அடிபட்ட தலையில் இன்னொரு அடி விழுந்தால் அவன் கண் திறந்தபடியே இருந்துவிடும். அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டாலும் அவன் பார்க்க மாட்டான்.

"ஞாயித்துக்கிழமை உன்னை எவனாவது ஒருத்தன் தூக்கிப் போட்டா, திங்கக்கிழமைன்னு ஒண்ணு உனக்கு இருக்காது," என்றேன்.

"என்னை எவன் தூக்கிப் போடுவான்?" என்றான். கிளம்பிவிட்டான்.

நான் என்ன செய்ய முடியும்? அவன் வளர்ந்த ஆள். என் அறையில் தெரிந்துகொண்டதை அவன் சம்மதம் இல்லாமல் கோர்னெலியாவிடம் நான் சொல்லக்கூடாது. வாசலை மறித்து நின்றால் என்னைக் குடை மாதிரி தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போவான். இருந்தாலும் போய் நின்றேன். "நில்லுடா," என்றேன். அவன் என் பக்கம் பார்க்காமல், கம்பளிச் செருப்பை உதறிவிட்டுத் தன் பூட்ஸை எடுக்கக் குனிந்தான்.

குனிந்தவன் நிமிரும்போது தள்ளாடினான். கை சுவரைத் தேடியது, கிடைக்கவில்லை. மாலின் மேசையிலிருந்து எப்போது குதித்தாள் என்று எனக்குத் தெரியாது. ஓடிவந்து, அவன் விழாமல் இருக்க, அவன் கால்சட்டையை இடுப்புக்குக் கீழே இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்தாள். நானும் அவன் தோளைப் பிடித்தேன். அவனை நாங்கள் இரண்டு பேரும் எங்கே தாங்குவது? என் தோளை உரசிக்கொண்டு மெதுவாகச் சரிந்து, என் ஆட்டுக்கம்பளி விரிப்பின்மேல் மல்லாந்தான். நல்லவேளை, அவன் தலை என் கையில் இருந்தது. அன்று அவன் தலையில் நான் கை வைத்தது அந்த ஒரு தடவைதான்.

கண் திறந்திருந்தது.

"அப்பா! என்னைப் பாரு!" மாலின் அவன் வயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். கால்சட்டையை இன்னும் விடவில்லை. "என்னைப் பாரு! என்னைப் பாரு!"

கண்கள் கொஞ்சம் அலைந்தன. பிறகு அவள் முகத்தில் வந்து நின்றன.

"பாக்குறேன்டி," என்றான் எமில். "பாக்குறேன். கத்தாத."

எனக்கு உயிர் வந்தது. "அசையாத. அப்படியே கெட," என்றேன். சொன்னதைக் கேட்கிற ஆளா அவன்? கையை ஊன்றி எழுந்து, கதவில் தோளைச் சாய்த்து உட்கார்ந்தான். முகம் மோர் மாதிரி வெளுத்திருந்தது. பூட்ஸைத் தேடிக் கையை நீட்டினான். நிஜமாகவே நீட்டினான். இப்போது நினைத்தாலும் அவனை அறையலாம் போல இருக்கிறது.

மாலின் பிடியை விட்டாள். எழுந்தாள். அவன் பின்பக்கமாகப் போனாள். விரிப்பிலிருந்து ஆட்டு மயிர் அவன் சட்டையெங்கும் ஒட்டியிருந்தது. உள்ளங்கையை விரித்து அவன் முதுகைத் தட்ட ஆரம்பித்தாள். தோளிலிருந்து கீழாக, பிறகு நடுவில், பிறகு இடது பக்கம். விளையாட்டாகத் தட்டவில்லை. பெரிய பந்தயத்தில் ஜெயித்தவன் தட்டுகிற மாதிரி, ஒரு இழை விடாமல், பொறுமையாகத் தட்டினாள்.

எமிலின் கை பூட்ஸிலேயே நின்றது.

மாலின் முன்னால் வந்தாள். "முதுகு முழுசாப் பட்டுச்சு," என்றாள். "நான் கால்சட்டைய விடல. எல்ஸ்பெத் பாத்தா. செல்லும்."

கையை நீட்டினாள்.

எமில் அந்தக் கையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் நடுவர் மாதிரி தலையை ஆட்டினேன். எத்தனையோ திருவிழாக்களில் அவன் முதுகை யார் யாரோ தட்டிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட அவன் வாதாடியதில்லை. கையைக் கொடுப்பான், தலையைக் குனிந்துகொண்டு வெளியே போவான். அதனால்தான் எங்களுக்கெல்லாம் அவனைப் பிடிக்கும். அவனுடைய கண்ணில் தண்ணீர் கட்டி, அந்தப் பெரிய தாடைவழியாக இறங்கியது. பூட்ஸை விட்டான். தன் கையால் அவளுடைய கையை முழுதாக மூடிப் பிடித்துக் குலுக்கினான்.

"செல்லும்," என்றான்.

பிறகு என்னிடம், "போன் பண்ணு எல்ஸ்பெத். ஆம்புலன்ஸுக்கும் பண்ணு, கோர்னெலியாவுக்கும் பண்ணு. அவகிட்ட எல்லாத்தையும் நீயே சொல்லிடு. எனக்குப் பயமா இருக்கு."

"இந்தப் பயம் உனக்குப் போன வாரமே வந்திருக்கணும்," என்று சொல்லிவிட்டு ஆம்புலன்ஸை முதலில் கூப்பிட்டேன். பிறகு பண்ணைக்கு. கோர்னெலியா நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் குறுக்கே பேசாமல் இருப்பது நல்லதுக்கில்லை.

"ஒக்காந்திருக்கானா?" என்றாள்.

"ஒக்காந்திருக்கான்."

"எந்திரிக்க விடாத. நான் நேரா ஆஸ்பத்திரிக்கு வரேன். மொதல்ல டாக்டர் அவன் தலையத் தொறந்து பாக்கட்டும். மூளை இருந்துச்சுன்னா, அதுக்கப்புறம் நான் பேசிக்கிறேன்." அப்புறம் ஒரு விசும்பல் கேட்டது. "மாலின்கிட்டக் குடு."

மாலின் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அம்மா, நான் அப்பாவத் தோக்கடிச்சிட்டேன்," என்றாள். பிறகு கரடியை மடியில் போட்டுக்கொண்டு அப்பன் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் இமைக்காமல் பார்த்தான். நான் அடுப்படியிலிருந்து தேன் ரொட்டி எடுத்துவந்து கொடுத்தேன். அவள் பாதி தின்றாள்.

மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் கசிந்து சேர்ந்திருந்தது. அன்று சாயங்காலமே ஓட்டை போட்டு எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டர் பெண் நிதானமாகப் பேசுகிறவள். இதோடு அவன் மரத்தூளில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கோர்னெலியாவிடம் அவள் ஒளிக்காமல் சொன்னாள். கோர்னெலியா எனக்குச் சொன்னாள். நான் யாருக்கும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆர்னோ காளையை வேறொருவன் ஓட்டிக்கொண்டு போனான். இளம்பிள்ளை, இருபது தாண்டியிருக்காது. எங்கள் ஊர்ப் பெஞ்சில் எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும் சுட்ட தொத்திறைச்சியை வாங்கி வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையன் தோற்றவனின் முதுகைத் தட்டியபோது எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. பக்கத்திலிருந்தவன் முறைத்தான். முறைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் கோர்னெலியா மாலினைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எமில் வீட்டுக்கு வந்துவிட்டான், தலையில் கட்டோடு ஜன்னலோரத்தில் உட்கார்ந்து எல்லாரையும் வேலை ஏவிக்கொண்டிருக்கிறான் என்றாள். மாலின் கரடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மேசையில் ஏறி, மல்லாந்து படுத்தாள்.

"கையை எங்க வெக்கட்டும்?"

என் கையைத் தானே பிடித்து எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள்.

"இப்ப கேளு," என்றாள்.

"என்ன கேக்க?"

"வலிக்குதான்னு."

"வயிறு வலிக்குதா மாலின்?"

"இல்ல," என்றாள்.

கண்ணை மூடி, காத்திருந்தேன். என் கைக்குக் கீழே அவளுடைய மூச்சு, எங்கும் நிற்காமல், அடிவயிறு வரைக்கும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.